திறவாப் பெட்டியின் விலை

2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் 11ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஹெரிட்டேஜ் என்னும் ஏல நிறுவனம் சிறியதோர் அட்டைப் பெட்டியை 15 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு விற்றது. பெட்டிக்குள் பொன்னுமில்லை, மணியுமில்லை. ஜப்பானிய நிறுவனமாகிய நின்டென்டோ 1996இல் வெளியிட்ட ‘சுப்பர் மரியோ 64’ என்னும் வீடியோ விளையாட்டைத் தாங்கிய பிளாஸ்டிக் கூடு ஒன்றே அதற்குள் இருந்தது. கார்ட்ரிட்ஜ் என்று மேல்நாட்டார் அழைக்கும் அப்பொருளுக்கு நம் மலையகத்துப் பிள்ளைகள் இட்ட பெயர் கேசட். அந்த விளையாட்டு உலகெங்கும் 1 கோடியே 10 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையானது. ஆகவே அது கிடைத்தற்கரிய பொருளும் அன்று. அங்ஙனமாயின் அந்த ஒரு பிரதிக்கு மட்டும் இத்தனை விலை வந்தது எவ்வாறு? 25 ஆண்டுகளாக அதனை எவரும் திறக்கவில்லை, எவரும் விளையாடவில்லை. திறந்தால் போட்ட பணம் போய்விடும் என்பதனால் வாங்கியவரும் திறக்கத் துணியமாட்டார். விலை அதற்குத்தான்.

அதே 2021ஆம் ஆண்டின் மார்ச் மாதத்திலேதான், பல ஆண்டுக் கோரிக்கைக்கும் போராட்டத்துக்கும் பின்னர், இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2024இல் அது 1,350 ரூபாவாயிற்று. ஏலம் நடந்த காலத்து உத்தியோகபூர்வ மாற்று வீதத்தின்படி டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபா. கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தப் பெட்டியின் விலை 31 கோடியே 20 இலட்சம் ரூபா. கந்தப்பளையில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் 3 இலட்சத்து 12 ஆயிரம் நாட்சம்பளத்துக்கு அது சமம். ஆண்டுக்கு 300 நாள் அரைப்பேரின்றி முழுப்பேரே விழுகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 1,040 ஆண்டுகள் ஆகும். முதலாம் இராசராசன் தஞ்சையில் முடிசூடுவதற்கு முன்னரே அவள் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறியிருந்தால், இடையில் உண்ணாமலும் உடுக்காமலும் இருந்திருந்தால், 2021இல் அந்தக் கேசட்டை வாங்கியிருக்கலாம்.

இத்தகைய கணக்கு மேடையில் கைதட்டல் பெறும். நாமும் அதனைப் போட்டுவிட்டோம். ஆனால் அது கோபத்தை மூட்டுமேயன்றி எதனையும் விளக்காது. வைரத்தையும் ஓவியத்தையும் வைத்து இதனினும் பெரிய கணக்குகள் போட்டுவிடலாம். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. விளையாடுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருள், விளையாடப்படாதிருப்பதனாலேயே மதிப்புப் பெறுவது எங்ஙனம்? அந்த மதிப்பை அளப்பவர் யாவர்?

பிள்ளை விளையாட்டைப் பற்றி ஓர் இலக்கிய ஏடு பேசுவதா என்று முகம் சுளிப்போர் இருக்கக்கூடும். நாடகத்தையும் சினிமாவையும் பார்த்து இப்படி முகம் சுளித்தவர்களை நாம் முன்னரே கண்டிருக்கிறோம். கடந்த இரு தலைமுறைப் பிள்ளைகள் கதை கேட்டதிலும் கனவு கண்டதிலும் ஒரு பகுதி இந்தத் திரையில் நடந்தது. அதனை ஆக்கியோரும் எழுத்தாளரும் ஓவியரும் இசைவாணரும் கணித வல்லாருமே. ஆக்கம் என்றால் அதற்குரிய விமர்சனமும் வேண்டும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். தொடக்கத்தில் வந்த வீட்டு விளையாட்டு யந்திரங்கள் தமக்குள் பொருத்தப்பட்டிருந்த சில விளையாட்டுகளை மட்டுமே காட்ட வல்லவை. நிரலைத் தனிச் சில்லில் பொறித்து, அதனைக் கழற்றிச் செருகத்தக்க கூடொன்றில் அடைத்து விற்கும் முறை 1976இல் பெயர்ச்சைல்ட் நிறுவனத்தின் யந்திரத்தோடு சந்தைக்கு வந்தது. அந்நிறுவனத்தில் அப்பணிக்குத் தலைமை தாங்கிய பொறியியலாளர் ஜெரி லோசன் ஒரு கறுப்பின அமெரிக்கர். தொழில்துறையினர் அவரை அழைத்து மரியாதை செய்தது 2011 மார்ச்சில். ஏப்ரலில் அவர் மறைந்தார். கூட்டைப் பிரித்தால் உள்ளே இருப்பது ஒரு மின்சுற்றுப் பலகை, ஓரிரு சில்லுகள், பலகையின் ஓரத்தில் வரிசையாகச் சில உலோகப் பற்கள். நம் மரபில் ஓர் உவமை சொல்வதானால், கூடும் பலகையும் ஏடு. சில்லில் பொறித்த நிரல் பாட்டு. இந்த வேறுபாட்டை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும், பின்னர் தேவைப்படும்.

கந்தப்பளைக்கும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களுக்கும் இந்தக் கேசட் வந்த வழி வேறு. லயங்களுக்கு மின்சாரம் வரத் தொடங்கிய பின்னர், கொழும்புக் கடைகளில் வேலைக்குப் போன அண்ணன்மார் தீபாவளிக்கு வரும்போது சிலவற்றைக் கொண்டுவந்தனர். மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போன தாய்மாரின் பெட்டிகளிலும் சில வந்தன. டீவி கேம் என்று நாம் அழைத்த அவை, நின்டென்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட பெமிக்கொம் யந்திரத்தைப் பார்த்து வேறெங்கோ செய்யப்பட்ட போலிகள். நின்டென்டோ என்ற பெயரைக்கூட அறியாமலே அதன் விளையாட்டுகளை ஆடிய தலைமுறை நம்முடையது. ஒரு கேசட்டில் 9,999 விளையாட்டுகள் உள்ளன என்று மேலே அச்சடித்திருக்கும். போட்டுப் பார்த்தால் சில பத்து விளையாட்டுகளே வெவ்வேறு எண்களில் திரும்பத் திரும்ப வரும். இது வியாபாரி பிள்ளையை ஏய்த்த ஏய்ப்புத்தான், அதனைப் புகழ்வதற்கில்லை. ஆயினும் அந்தச் சில பத்தும் ஒரு லயத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் போதுமாயிருந்தன. ஒருவன் ஆட, பத்துப் பேர் பார்ப்பர். செத்தால் கட்டை கைமாறும். ஆங்கில எழுத்துப் புரியாதவர்கள் தாமே பெயர் வைத்துக்கொண்டனர். ஒன்று டாங்கி கேம், ஒன்று வாத்து கேம்.

ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட இந்த மலையில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளும் வரும். உலோகப் பற்களில் ஈரமும் அழுக்கும் ஏறிப் படம் கலங்கும். உடனே கேசட்டைக் கழற்றி வாயால் ஊதுவார்கள். யாரும் கற்பிக்காமலே உலகெங்கும் பிள்ளைகள் செய்த வைத்தியம் இது. உண்மையில் ஊதியதால் பயன் இல்லை. கழற்றி மீண்டும் செருகியதே பலன் தந்தது. மூச்சின் ஈரம் நாளடைவில் பற்களைக் கரிக்கவே செய்யும். கரித்தாலும் என்ன? ஊதிய ஒவ்வொரு தடவையும் அது விளையாடப்பட்டது என்பதற்குச் சாட்சியாயிற்று.

இனி அந்தக் கேசட்டுகளை அமெரிக்கத் தராசில் வைத்துப் பார்ப்போம்.

வாட்டா என்ற பெயரில் அங்கே ஒரு தரச்சான்று நிறுவனம் உண்டு. சேகரிப்போர் தம் கேசட்டை அதற்குக் கட்டணத்துடன் அனுப்புவர். நிபுணர் பெட்டியின் மூலைகளையும் ஓரங்களையும் ஆராய்ந்து 10க்கு இத்தனை என்று புள்ளியிடுவர். பெட்டியைச் சுற்றிய கண்ணாடித்தாளுக்கு வேறாக எழுத்துத் தரம் இடுவர். பின்னர் அதனைத் தெளிவான கெட்டி பிளாஸ்டிக் கூண்டில் அடைத்துத் திருப்பி அனுப்புவர். 15 இலட்சத்து 60 ஆயிரம் டொலர் பெற்ற பிரதி 9.8 புள்ளியும் இரட்டைக் கூட்டல் குறியிட்ட ஏ தரமும் பெற்றது. கவனியுங்கள்: அந்த மேலான எழுத்துத் தரம் விளையாட்டுக்கு உரியதன்று, சில சதம் பெறுமதியான மேலுறைக்கு உரியது. முத்திரை உடையாத பெட்டிக்குள் இருக்கும் கேசட் ஓடுமா ஓடாதா என்பதனை நிபுணரும் அறியார், விற்பவரும் அறியார், வாங்குபவரும் அறியார். அறிய வேண்டுமாயின் திறக்க வேண்டும்.

தரம் பிரிப்பது, புள்ளியிடுவது, ஏலம் கூறுவது ஆகியவை மலையகத்தார்க்குப் புதிய சங்கதிகள் அல்ல. கொழும்பில் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30இல் தொடங்கியது. 2020இல் அது கணினி வழி நடக்கத் தொடங்கும்வரை 137 ஆண்டுகள் வாய்மொழியாக நடந்தது. பி.ஓ.பி., பி.ஓ.பி.எப்., டஸ்ட் என்று தொழிற்சாலைச் சல்லடையில் தூள் பிரிவதையும், நல்லது கப்பலேறுவதையும், லயத்துக் குவளைக்கு எது வந்து சேரும் என்பதையும் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிவர். அந்த ஏலத்திலும் பறித்தவளுக்குக் குரலில்லை; விலையைத் தீர்ப்போர் தரகரும் வாங்குவோருமே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. தேயிலையைச் சுவைத்துப் பார்ப்பவர் துப்பிவிடுகிறவராயினும் ஒருமுறையேனும் வாயில் வைக்கிறார். தேயிலைக்கு எவ்வளவு அநியாய விலை வைத்தாலும் அது இறுதியில் ஒருவர் தொண்டையை நனைக்கிறது. பயன் மதிப்பு என்று பொருளியலார் கூறுவது அங்கே முற்றாக அற்றுப்போவதில்லை. முத்திரையிட்ட கேசட்டில் அது அற்றே போயிற்று. இன்னும் சொன்னால், பயனைக் கொன்றால்தான் விலை பிறக்கிறது.

இந்த நோயின் முதிர்ச்சியைக் காண வேறொரு பெட்டியைப் பார்க்கலாம். மேற்சொன்ன ஏலத்துக்கு இரண்டு நாட்களுக்கு முன்னர், அதே நிறுவனம் ‘லெஜெண்ட் ஒப் செல்டா’ என்னும் விளையாட்டின் திறக்கப்படாத பிரதியொன்றை 8 இலட்சத்து 70 ஆயிரம் டொலருக்கு விற்றது. அமெரிக்காவில் 1987இல் வெளியான விளையாட்டு அது. நெடிய பயணக் கதையாதலால் ஆடுபவன் ஓரிடத்தில் நிறுத்தி மறுநாள் தொடர்வதற்கு வசதியாக, கேசட்டுக்குள்ளேயே காசளவு மின்கலம் ஒன்றை வைத்தனர். விட்ட இடம் அதன் வலுவாலேயே நினைவில் நிற்கும். அத்தகைய மின்கலத்தின் ஆயுள் ஏறத்தாழ 15 முதல் 20 ஆண்டுகள். சற்று நீளவும் கூடும். யாரும் தொடாமல் வைத்திருந்தாலும் அது மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டே இருக்கும். விளையாடுகிற வீட்டில் யாரேனும் ஒருவர் கூட்டைத் திறந்து, பழைய மின்கலத்தைப் பெயர்த்தெடுத்து, புதியதைப் பற்றவைத்துவிடுவார். எட்டரை இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்தவருக்கு அது முடியாது. உறையைத் தொட்டால் விலை வீழ்ந்துவிடும். ஆகவே கூண்டுக்குள் பெட்டியும், பெட்டிக்குள் கேசட்டும், கேசட்டுக்குள் செத்துக்கொண்டிருக்கும் மின்கலமுமாக அது கண்ணாடி அலுமாரியில் வீற்றிருக்கும்.

விலை எவ்வாறு ஏறிற்று என்பதும் அறியத்தக்கது. 2019 பெப்ரவரியில் ‘சுப்பர் மரியோ பிரதர்ஸ்’ பிரதியொன்று 1,00,150 டொலருக்குக் கைமாறி, கேசட் ஒன்று முதன்முதலில் இலட்சம் டொலரைத் தாண்டியது என்று செய்தியாயிற்று. அதனைக் கூட்டாக வாங்கிய மூவரில் ஒருவர், பின்னர் இவற்றை ஏலம் கூறிய அதே ஹெரிட்டேஜ் நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவர். தரச்சான்று அளிப்போரும் ஏலம் கூறுவோரும் ஒருவருக்கொருவர் உதவி விலையை ஊதிப் பெருப்பித்தனர் என்ற குற்றச்சாட்டு 2021 ஆகஸ்டில் பகிரங்கமாக எழுந்தது. இரு நிறுவனங்களும் அதனை மறுத்தன. 2022இல் வாட்டா மீது அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கும் தொடுக்கப்பட்டது. அவ்வழக்கின் நியாயத்தை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். சதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நமது வாதம் மாறாது. கொள்ளைநோய்க் காலத்தில் முதலீட்டுக்கு இடம் தேடி அலைந்த பணம், அஞ்சல்தலையையும் விளையாட்டு வீரர் படம் பதித்த அட்டையையும் பற்றியதைப் போலவே கேசட்டையும் பற்றிக்கொண்டது. பின்னர் அச்சந்தை தளர்ந்ததும் வியப்பன்று.

இத்தகைய பித்தை மலையகம் 130 ஆண்டுகளுக்கு முன்னரே கண்டுவிட்டது. 1891இல் மஸ்கெலியாவின் காட்மோர் தோட்டத்துப் பொன்னிறத் துளிர்நுனித் தேயிலை, லண்டன் மின்சிங் லேன் ஏலத்தில் இறாத்தல் ஒன்று 25 பவுண் 10 சிலிங்குக்கு விற்றது. சாதாரண இலங்கைத் தேயிலை அப்பொழுது இறாத்தல் ஒரு சிலிங்குக்கும் தட்டுத்தடுமாறிய காலம். காட்மோர்த் தேயிலை அதனைவிட ஐந்நூறு மடங்கு சுவைத்தது என்று எவரும் நம்பியிருக்க மாட்டார்கள். வாங்கிய வியாபாரி வாங்கியது விளம்பரம். அந்தத் துளிர்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பொறுக்கிய விரல்கள் யாருடையவை என்று எந்தப் பத்திரிகையும் கேட்டதாக நாம் காணவில்லை.

விரல்களைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. கேசட்டுக்கும் விரல்கள் உண்டு. 1983 பெப்ரவரியில், அன்று அமெரிக்க வீடியோ விளையாட்டுத் துறையின் பேரரசாக விளங்கிய அட்டாரி நிறுவனம், கலிபோர்னியாவில் 1,700 பேரை வேலைநீக்கி உற்பத்தியை ஹொங்கொங்குக்கும் தைவானுக்கும் மாற்றுவதாக அறிவித்தது. கிழக்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் எழுந்த மின்னணுத் தொழிற்சாலைகளில் வரிசை வரிசையாக அமர்ந்து சில்லுகளைப் பலகையில் பொருத்தியோரில் மிகப் பெரும்பாலோர் இளம் பெண்கள். பெண்களின் விரல்கள் இயல்பிலேயே நுண்ணியவை, சலிப்பறியாதவை, ஆதலால் இவ்வேலை அவர்களுக்கே ஏற்றது என்று முதலாளிமார் சொன்னார்கள். டயேன் எல்சன், ரூத் பியர்சன் என்னும் இரு ஆய்வாளர் இந்தக் கூற்றை எடுத்துக்கொண்டு, நுண்விரல் என்ற புகழ்ச்சி மலிவுக் கூலிக்கு இட்ட மறுபெயரே என 1981இல் நிறுவினர். இதே புகழ்ச்சியைக் கேட்டுக் கேட்டு நம் பாட்டிமார் காது புளித்துப் போயினர். கொழுந்து பறிக்கப் பெண்ணின் விரலே ஏற்றது என்ற துரைமாரின் வாக்கும் அந்த முதலாளிமாரின் வாக்கும் ஒரே வாயிலிருந்து பிறந்தவை.

உடலுழைப்பாளர் மட்டுமா பெயரிழந்தனர்? நிரல் எழுதியவர்களுக்கும் அட்டாரி பெயர் கொடுக்கவில்லை. பெட்டியிலும் போடாது, திரையிலும் காட்டாது. கோடிக்கணக்கில் விற்ற விளையாட்டுக்கும் மாதச் சம்பளமே கூலி. இதனைப் பொறாத நால்வர் 1979இல் வெளியேறி அக்டிவிஷன் என்ற புதிய நிறுவனத்தில் சேர்ந்து அதனைத் தொடக்கினர். அங்கே ஆக்கியோன் பெயர் பெட்டியில் அச்சேறிற்று. வொரன் ரொபினெற் என்பார் வேறொரு தந்திரம் செய்தார். 1980இல் வெளிவந்த ‘அட்வெஞ்சர்’ என்னும் விளையாட்டில் எவரும் எளிதில் காணாத ஓர் அறையைக் கட்டி, அதற்குள் தம் பெயரை எழுதிவைத்துவிட்டார். மேலதிகாரிகள் அறியவில்லை. யாரோ ஒரு பிள்ளை பல நாள் ஆடி ஆடி அந்த அறையைக் கண்டுபிடித்தபோதுதான் செய்தி வெளிப்பட்டது. அதற்குள் ரொபினெற் வேலையை விட்டு நெடுநாளாயிற்று. கோவில் தூணின் மறைவில் தன் உருவைச் செதுக்கிவைத்த சிற்பியின் கதை நம்மவர்க்கு நினைவு வரும். நாம் இங்கே சொல்ல விரும்புவது இதுதான்: அந்தப் பெயர் விளையாடியதால் கிடைத்தது. முத்திரையிட்ட பெட்டியில் அது இன்னும் அறைக்குள்ளேயே கிடக்கிறது.

1983 செப்டெம்பரில் அட்டாரி விற்காத கேசட்டுகளை லொறிகளில் ஏற்றி நியூ மெக்சிக்கோ மாநிலத்து அலமகோர்டோ என்னும் ஊரின் குப்பைமேட்டில் கொட்டி நசுக்கிப் புதைத்தது. விலை விழாதிருக்க விளைபொருளைக் கடலில் கொட்டும் வழக்கத்தின் தம்பி என்றே இதனைக் கொள்ளலாம். 2014 ஏப்ரலில் தோண்டியபோது ஏறத்தாழ 1,300 கேசட்டுகள் வெளிவந்தன. நகரசபை அவற்றுள் பலவற்றை ஏலம் போட்டு 1 இலட்சம் டொலருக்கு மேல் ஈட்டியது. நாறிப்போன மண் அப்பியவை, பெரும்பாலும் இயங்காதவை! புதிதாக, இயங்கும் நிலையில் இருந்தபோது கிடைக்காத விலை, குப்பையான பின் கிடைத்தது. சந்தை என்பது பகுத்தறிவின் கோவில் என்று பாடநூல் எழுதுவோர் இதற்கு என்ன விளக்கம் சொல்வார்களோ!

நம் நாட்டிலும் பழம்பொருள் வேட்டை உண்டு. கோப்பிக் காலத்துத் தோட்ட உரிமையாளரும் வணிகரும் அடித்துக் கொடுத்த வில்லைகள் இன்று நாணயம் சேர்ப்போரின் பேழைகளில் உள்ளன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடல்கடந்து வந்த தொழிலாளரின் கழுத்தில் தோட்ட எண் பொறித்துத் தொங்கவிட்ட தகரத் துண்டும் அவ்வாறே சேகரிப்புப் பொருளாகிவிட்டது. கறையில்லாத துண்டுக்கு விலை கூட. வியர்வையில் கறுத்து, தேய்ந்து, எண் மழுங்கிய துண்டுக்கு விலை குறைவு. கழுத்தில் கிடந்த காலத்தின் அளவுக்கு மதிப்புக் குறையும் இந்தத் தராசும் வாட்டாவின் தராசும் ஒரே பட்டறையில் வார்க்கப்பட்டவை. கந்தப்பளையிலேயே கண்முன் உதாரணம் இருக்கிறது. ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலை 1996இல் உல்லாச விடுதியாகத் திறக்கப்பட்டது. கட்டடத்தை இடிக்காமல் காத்தமைக்கு நாம் நன்றி சொல்லவே வேண்டும். இதர பல தொழிற்சாலைகள் துருப்பிடித்து வீழ்ந்தன. அதன் பழைய யந்திரம் துடைத்து மினுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. கொழுந்து வாடிய தளங்களில் விருந்தினர் உறங்குகின்றனர். இரும்புக்குக் கிடைத்த இந்தப் பராமரிப்பு, அந்த இரும்பின் அருகில் இரவு பகலாக நின்றவர்களின் பெயர்ப் பதிவுக்குக் கிடைத்ததா என்பதே நம் வினா.

இதனால் சேகரிப்பதே தீது என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ள வேண்டா. சேகரிப்பு இருவகைப்படும். பூட்டுவதற்காகச் சேகரிப்பது ஒன்று. திறப்பதற்காகச் சேகரிப்பது மற்றொன்று. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும், உ. வே. சாமிநாதையரும் ஏடு தேடி அலைந்தார்கள். ஏட்டின் ஓரம் முறியாதிருக்கிறதா என்று புள்ளியிடுவதற்காகவா அலைந்தார்கள்? செல்லரித்த ஏடும், முதலும் ஈறும் இல்லாத ஏடும், எழுத்துச் சிதைந்த ஏடும் அவர்களுக்கு வேண்டியிருந்தன. ஒன்றின் குறையை மற்றொன்றால் நிரப்பிப் பாடம் கண்டனர். 1887ஆம் ஆண்டு ஒன்றிலேயே தாமோதரம்பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் அச்சேறின. பூசையறையில் பட்டுத்துணி சுற்றி வைத்து, ஆண்டுக்கொருமுறை சந்தனம் தெளித்து, கேட்டவர்க்குக் காட்ட மறுத்த வீடுகளிலும் ஏடுகள் இருந்தன. அங்கே அவற்றைக் கறையான் வாசித்தது. நம் மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தோட்டம் தோட்டமாகக் கேட்டு எழுதிய நாட்டார் பாடல்களும் திறப்பதற்கான சேகரிப்பே. அப்பாடல்களுக்கு ஏலத்தில் விலையேது? அவர் எழுதிவைத்திராவிடில் அவற்றுட் பல பாடியவர்களோடே போயிருக்கும்.

கேசட்டுலகிலும் இந்த இரண்டாம் வகையினர் இருக்கின்றனர். அவர்கள்பால் நமக்கு மிகுந்த மதிப்பு உண்டு. கீறல் விழுந்த, உறை கிழிந்த, சந்தை ஒதுக்கிய கேசட்டுகளை வாங்கி, பற்களைச் சாராயத் திரவத்தால் துடைத்து, சில்லிலுள்ள நிரலைக் கணினிக்குப் பெயர்த்தெடுத்துக் காப்பவர்கள் அவர்கள். ஏடு அழிந்தாலும் பாட்டு நிற்கும் என்பதே அவர்கள் நோக்கம். அமெரிக்காவிலுள்ள வீடியோ விளையாட்டு வரலாற்று மன்றமும் மென்பொருள் காப்பாளர் வலையமைப்பும் 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, 2010க்கு முன்னர் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 வீதம் கடைகளில் வாங்கக் கிடைக்காதவை. உரிமை வைத்திருப்போர் தாமும் விற்பதில்லை. பிறர் கொடுக்கவும் விடுவதில்லை. நூலகங்கள் தாம் காத்த பழைய விளையாட்டுகளைத் தொலைவிலிருக்கும் ஆய்வாளர்க்குத் திரை வழி காட்ட அனுமதி கேட்டன. விளையாட்டு முதலாளிகளின் சங்கம் எதிர்த்தது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 ஒக்டோபரில் அனுமதியை மறுத்தது. ஆய்வு என்ற பெயரில் சனங்கள் பொழுதுபோக்காக விளையாடிவிடுவார்களே என்பது சொல்லப்பட்ட அச்சங்களுள் ஒன்று! நாவலை நூலகத்தில் எடுத்து இன்பத்துக்காகப் படித்துவிடுவார்களே என்று எந்த நூலகச் சட்டமாவது இதுவரை அஞ்சியதுண்டா?

ஆகவே ஒருபுறம் கூண்டிலடைத்த முதலீட்டாளர். மறுபுறம் பூட்டிவைத்த உரிமையாளர். இருவருக்கும் இடையே, தெரிந்தோ தெரியாமலோ, இந்த ஆக்கங்களை ஏழைப் பிள்ளைகளின் கைக்குக் கொண்டுவந்தது போலிக் கேசட்டு. அதனைச் செய்த தொழிற்சாலையிலும் சுரண்டல் இருந்தே இருக்கும். அதற்குப் பூமாலை சூட்ட நாம் முன்வரவில்லை. ஆனால் ஒரு பண்பாட்டுப் பொருள் நுவரெலியா மாவட்டத்து லயமொன்றை எவ்வழியாக வந்தடைந்தது என்ற வரலாற்றை, சட்டத்துக்குப் புறம்பானது என்ற ஒரே காரணத்துக்காக எழுதாமல் விடுவது தகாது.

அவ்வரலாற்றுக்குரிய ஆதாரங்கள் இன்னும் முற்றாகத் தொலைந்துவிடவில்லை. கந்தப்பளைப் பக்கத்து வீடுகளில் மரப்பெட்டியின் அடியிலும் கட்டிலின் கீழும், உறையின்றி, ஓர் ஓரம் உடைந்து, மேலொட்டிய படம் பாதி உரிந்து சில கேசட்டுகள் கிடக்கும். வீடு ஒழுங்குபடுத்தும்போது பழைய வானொலியோடும் அறுந்த வயரோடும் அவையும் குப்பைக்குப் போகின்றன. வரலாற்றுப் பாடம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், தம் வகுப்பு மாணவரிடம் அவற்றுள் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லலாம். யார் வாங்கியது, எந்த ஊர்க் கடையில், எந்த வேலைச் சம்பளத்தில், எத்தனை பேர் கூடி ஆடினர், விளையாட்டுகளுக்கு என்ன பெயர் வைத்தனர் என்று தந்தையிடமும் அத்தையிடமும் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். வேலுப்பிள்ளை எழுதியதும் இவ்வாறு கேட்டுத்தான். கூட்டின் திருகைக் கழற்றினால் உள்ளே பெரும்பாலும் பெயரோ எண்ணோ இல்லாத சில்லொன்று, கரும் பசைத் துளியால் மூடப்பட்டிருக்கும். எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு என்று அதில் எழுதியிராது. அந்தப் பலகையையும் படம் எடுத்து, மாணவர் எழுதிவந்த தாளோடு சேர்த்துப் பாடசாலை நூலகத்தில் வைக்கலாம். உலோகப் பற்களைத் துடைத்துவிட்டால் ஒருசில இன்னும் ஓடக்கூடும்.